மலை ஏறும் ஜீப்புகள்: வாங்குபவர் ஒருவர், ஏறுபவர் வேறு

எலப்புள்ளி:

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலை எலப்புள்ளியைத் தொட்டுக்கொண்டு போகிறது. இரு பக்கமும் நெல் வயல், தென்னந்தோப்பு, வரப்போரம் பனைகள். பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத ஊர். சைக்கிளில் போகிறவருக்குக்கூட மூச்சு வாங்காது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையோர டீக்கடையில் ஒரு டீ குடிக்கும் நேரம் நின்றால் போதும். மலை ஏறுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம்.

பளபளக்கும் சிவப்புத் தார் ஒன்று பாட்டுச் சத்தத்தோடு நெல்லியாம்பதிப் பக்கம் போகும். பின்னாலேயே தார்ப்பாய் கிழிந்த பழைய மகிந்திரா ஜீப் ஒன்று தேங்காய் மட்டை ஏற்றிக்கொண்டு வரும். இடையில் ஒரு மாருதி ஜிப்சி. எப்போதாவது ஒரு ஃபோர்ஸ் கூர்க்கா. நான்கும் ஒரே சாதி வண்டிகள்தான். வாங்கியவர்கள் மட்டும் ஒரே சாதி அல்ல. எதற்காக வாங்கினார்கள் என்பதும் ஒன்றல்ல.

இளைஞர்கள் கூடும் இடத்தில் இப்போது சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் அடுத்தபடியாக நடக்கும் வாக்குவாதம் இதுதான்: தார் உயர்ந்ததா, ஜிம்னி உயர்ந்ததா, கூர்க்கா உயர்ந்ததா? கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வரும் பையனும் பேசுகிறான். வங்கிக் குமாஸ்தாவும் பேசுகிறார். வாங்கப் போகிறவர் நூற்றில் ஒருவர் இருக்கலாம். பேச்சுக்குக் காசா பணமா?

சரி, நாமும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆனால் அந்த வாக்குவாதத்தில் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைக் கடைசியில் கேட்போம்.

யுத்தத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு

ஜீப் பிறந்தது இரண்டாம் உலக யுத்தத்தில். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் லட்சக்கணக்கில் செய்து போர்முனைகளுக்கு அனுப்பின. அறுபது குதிரைச் சக்தி பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, எங்கும் நுழையும் சிறிய உடம்பு. சேற்றில் புதைந்தால் நான்கு பேர் சேர்ந்து தள்ளி எடுத்துவிடலாம். சண்டை முடிந்த பிறகு இந்த வண்டி காட்டுக்கும் மலைக்கும் வேலைக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

நம் நாட்டில் இதைக் கொண்டுவந்து பூட்டி விற்றவர்கள் மகிந்திராக்கள். 1945-ல் பஞ்சாபின் லூதியானாவில் மகிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி அது. கூட்டாளியாக இருந்த குலாம் முகமது தேசப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்டி விற்றார்கள். பிறகு இங்கேயே செய்தார்கள். பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. எம்.எம். 540 என்ற வண்டிக்கு பிரான்சின் பெஜோ கம்பெனி வடிவமைத்த டீசல் எஞ்சின் பொருத்தினார்கள். பின்னால் நீளமான உடம்போடு கமாண்டர் வந்தது. மேஜர் வந்தது.

மலையோர மக்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் இரண்டாம் பட்சம். எல்லாம் ஜீப்தான். கட்டப்பனையிலும் நெடுங்கண்டத்திலும், கம்பத்திலும் போடியிலும் ஒரு ஜீப்பைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக்கைக் காண்பது அரிது. கியர் பெட்டியோ கட்டைப் பட்டையோ எது போனாலும் அன்று சாயங்காலத்துக்குள் வண்டி ஓடும். மலையில் ஒரு வண்டிக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது.

நான்கு சக்கரமும் இழுத்தால்

இந்த வண்டிகளுக்கும் சாதாரணக் காருக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே எஞ்சினின் சக்தி போகிறது. மற்ற இரண்டும் சும்மா உருண்டு வருபவை. மலை வண்டியில் ஒரு கம்பியைத் தள்ளினால் நான்கும் இழுக்கும். ஒற்றை மாட்டு வண்டிக்கும் ஜோடி மாட்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கம்பி 'லோ' கியர். அதைப் போட்டால் வண்டியின் வேகம் நடையளவுக்குக் குறையும். இழுவை பல மடங்கு கூடும். செங்குத்தான ஏற்றத்தில் பாரத்தோடு ஏறுவது இதன் பலத்தில்தான். அதைவிட முக்கியம், இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். பிரேக் கொதித்துப் போய், மிதித்தால் பிடிக்காமல் பள்ளத்தில் இறங்கும் வண்டிகளின் கதை அநேகமாக அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது விஷயம் 'டிஃபரன்ஷியல் லாக்'. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்கு வசதியாக அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரக் கூட்டம் இருக்கிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், சக்தியெல்லாம் அந்த வழுக்கும் சக்கரத்துக்கே போய்ச் சும்மா சுற்றும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் சாமியார் மாதிரி அசையாமல் இருக்கும். பூட்டைப் போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றியே ஆக வேண்டும். வண்டி எழுந்து வந்துவிடும்.

காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக் கூடாது என்று பழைய டிரைவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பிணைந்து, வளைவுகளில் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சேற்றுக்கும் சரளைக்கும் மட்டுமே அந்தக் கம்பி.

நான்கு வண்டிகள், நான்கு குணங்கள்

முதலில் தார். 2010-ல் மகிந்திரா கம்பெனி தன் பழைய ஜீப்பின் சாயலில் இந்தப் பெயரில் ஒரு வண்டி விட்டது. 2020 அக்டோபர் 2-ஆம் தேதி அடியோடு புதிதாகச் செய்த தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று தொடக்க விலை 9 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். முதல் நான்கு நாட்களில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் பணம் கட்டிப் பதிவு செய்தார்கள். டீசல் எஞ்சின் 130 குதிரைச் சக்தி. சுமார் 65 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கிப் போகலாம் என்பது கம்பெனியின் கணக்கு. ஏ.சி., தொடுதிரை எல்லாம் உண்டு. 2023 ஜனவரியில் இரண்டு சக்கர இழுவை மட்டுமே உள்ள மலிவான தாரும் வந்தது. மலை வண்டியின் சட்டை வேண்டும், மலை வேண்டாம் என்பவர்களுக்கு அது. 2024-ல் ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ் வந்தபோது, பதிவு தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் பேர் பதிந்தார்கள்.

அடுத்தது ஜிப்சியும் அதன் வாரிசும். மாருதி கம்பெனி 1985 டிசம்பரில் ஜிப்சியைக் கொண்டுவந்தது. ஒரு லிட்டருக்கும் குறைவான சின்னஞ்சிறு பெட்ரோல் எஞ்சின். 1990-களில் 1.3 லிட்டர் எஞ்சின் கிடைத்தது. எடை குறைவு என்பதே அதன் வரம். கனமான ஜீப் புதையும் சேற்றில் ஜிப்சி மிதித்து ஓடும். ராணுவம் வாங்கியது, போலீஸ் வாங்கியது, வன இலாகா வாங்கியது. பொதுமக்களுக்கான விற்பனை 2019 வாக்கில் நின்றது. அதன் இடத்தில் 2023 ஜூன் மாதம் ஐந்து கதவு ஜிம்னி 12 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய் தொடக்க விலையில் வந்தது. எடை சுமார் 1,200 கிலோ. தாரைவிட ஐந்நூறு கிலோ அளவுக்குக் குறைவு. குறுகலான தோட்டப் பாதைக்கும் வழுக்கும் களிமண்ணுக்கும் ஏற்ற உடம்பு. ஆனால் நம் ஊரில் எதிர்பார்த்த அளவுக்கு விலைபோகவில்லை. வேடிக்கை என்னவென்றால், இங்கே குருகிராமில் செய்த அதே வண்டி 2025 ஜனவரியில் ஜப்பானில் விற்பனைக்குப் போனபோது, நான்கே நாட்களில் ஐம்பதாயிரம் பேர் கேட்டு, கம்பெனி பதிவையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. உள்ளூர்ச் சந்தையில் மலிந்தது வெளியூர்ச் சந்தையில் கிராக்கி!

மூன்றாவது கூர்க்கா. பழைய பஜாஜ் டெம்போ கம்பெனிதான் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. அவர்களுடைய டீசல் எஞ்சின் ஜெர்மனியின் மெர்சிடஸ் வழி வந்தது. 2021 செப்டம்பரில் புதிய கூர்க்கா வந்தது; 2024-ல் சுமார் 140 குதிரைச் சக்தியோடு ஐந்து கதவு வண்டியும் சேர்ந்தது. முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. எழுபது சென்டிமீட்டர் தண்ணீரில் போகும். சேற்றில் இதை வெல்வது கடினம் என்று போட்டியாளர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கனமான வண்டி, மெருகு குறைவு, ஷோரூம்களும் குறைவு. மலையில் ஒரு பாகம் ஒடிந்தால் பட்டணத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்ற பயம் வாங்குபவருக்கு இருக்கிறது.

நான்காவது, பழைய மகிந்திரா ஜீப். அறுபது குதிரைச் சக்தியைத் தாண்டிச் சற்றே இருக்கும் எஞ்சின். ஏ.சி. கிடையாது. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். புதிது கிடைக்காது, பழையதைத்தான் வாங்க வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் கடைசி இடம். ஒரு கட்டத்தில் மட்டும் முதலிடம். தாரிலும் ஜிம்னியிலும் நான்கு பேர் உட்காரலாம். கமாண்டர் ஜீப்பில்? அது ஏற்றுகிறவரின் மனசாட்சியைப் பொறுத்தது.

யார் வாங்குகிறார்கள்?

தார் வாங்குபவரை எங்கும் பார்க்கலாம். வளைகுடாவிலிருந்து திரும்பியவர், தோட்ட முதலாளியின் மகன், கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் கம்ப்யூட்டர் வேலை செய்யும் இளைஞர், கல்யாணத்துக்கு முன் ஒரு ஆசையை முடித்துக்கொள்ள நினைப்பவர். அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன நிறம் என்பது. குருவாயூர்க் கோயிலுக்கு 2021 டிசம்பரில் மகிந்திரா கம்பெனி ஒரு தாரைக் காணிக்கையாகக் கொடுத்தது. தேவஸ்வம் அதை ஏலம் விட்டபோது கேட்க வந்தவர் ஒரே ஒருவர். 15 லட்சத்து 10 ஆயிரத்துக்குப் போயிற்று. ஒருவர் மட்டும் கேட்டது ஏலமா என்று தகராறு கிளம்பி, 2022 ஜூனில் மறு ஏலம் நடந்தது. அப்போது போன விலை 43 லட்சம்! பக்தியும் தாரும் சேர்ந்தால் விலைக்கு எல்லை ஏது?

ஜிம்னி வாங்குபவர் கொஞ்சம் வயதானவர். ஒரு காலத்தில் ஜிப்சி வைத்திருந்தவர் அல்லது வைத்திருக்க ஆசைப்பட்டவர். தோட்டத்துக்குத் தானே ஓட்டிப் போவார். ஒப்பீட்டுப் பட்டியலை வரி வரியாகப் படித்திருப்பார். கூர்க்கா வாங்குபவர் யாரிடமும் கேட்டு வாங்குபவர் அல்ல. எல்லாரும் தார் வாங்குகிறார்கள் என்பதே அவருக்குப் போதுமான காரணம்.

வாங்கிய பிறகு சும்மா இருக்கிறார்களா? பெரிய டயர், இரும்பு பம்பர், கண்ணைப் பறிக்கும் விளக்கு என்று வண்டியை மாற்றிக் கட்டுகிறார்கள். கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியின் உருவத்தை மாற்றக் கூடாது. அதன் பிறகு கேரள மோட்டார் வாகன இலாகா மாற்றிக் கட்டிய வண்டிகளை மடக்கத் தொடங்கியது.

பழைய ஜீப்பை வாங்குபவர் இவர்களில் யாரும் அல்ல. அவர் பெரும்பாலும் டிரைவராக இருந்து முதலாளியானவர். மனைவியின் நகையோ, சீட்டுப் பணமோ, வட்டிக் கடனோ அந்த வண்டியில் இருக்கும். நிறம் கேட்க மாட்டார். கட்டைப் பட்டையைக் குனிந்து பார்ப்பார். எஞ்சினுக்குக் காது கொடுப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எத்தனை பேர் ஏறும்?"

சுற்றுலா வந்த பிறகு இவர்களில் சிலருக்கு நல்ல காலம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பைத் தவிர வேறு வண்டி போகாது. மலை இருப்பது தேனி மாவட்டத்தில். வழி இருப்பது இடுக்கி மாவட்டத்தில். மூணாறிலும் வாகமணிலும் ராமக்கல்மேட்டிலும் நெல்லியாம்பதியிலும் ஜீப் சவாரி ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. கூடவே விபத்துகளும் வந்தன. 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளை நிறுத்திவைத்தது. பிறகு குறிப்பிட்ட வழித்தடங்களில் பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதித்தது. சுற்றுலாப் பயணிக்கு அடிபட்டால் உத்தரவு பிறக்கிறது. நல்லதுதான்.

வாங்காமல் ஏறுகிறவர்கள்

இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வருவோம். இந்த வண்டிகளில் ஏறுகிறவர் யார்?

பொழுது விடிவதற்குள் கம்பத்திலும், தேவாரத்திலும், போடியிலும், சுற்றுக் கிராமங்களிலும் பெண்கள் தூக்குச்சட்டியோடு சாலைக்கு வந்து நிற்கிறார்கள். தலையில் துண்டு, மேலே பழைய முழுக்கைச் சட்டை, பையில் மழைக்குப் பிளாஸ்டிக் காகிதம். ஜீப்புகள் வருகின்றன. கம்பம்மெட்டு வழியாகவும், போடிமெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும் மலை ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். நாள் தவறாமல் இரண்டு மாநிலம் காண்பவர்கள் இவர்கள். உலகச் சந்தைக்குப் போகும் ஏலக்காய் இவர்களுடைய விரல் பட்டுத்தான் போகிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் எல்லை மூடியபோது, ஜீப் நின்றது. ஜீப் நின்றதும் தோட்டமும் நின்றது.

ஜீப்புக்காரருக்குப் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆள் கூடினால் காசு கூடும். "அக்கா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்க" என்பார். அக்கா நெருங்குவார். இன்னும் இருவர் ஏறுவார்கள். பின்கதவில் ஒருவர் நிற்பார். ஜீப்புக்காரரையும் முழுக்கக் குறை சொல்லிவிட முடியாது. டீசல் விலை, வட்டி, டயர் எல்லாம் அந்தத் தலைக்கணக்கிலிருந்துதான் வர வேண்டும். ஏறுகிற அக்காவுக்கும் வேறு வழி இல்லை. இந்த வண்டியை விட்டால் இன்றைய கூலி போயிற்று.

ஜீப் உயரமான வண்டி. பின்னால் எதிரெதிர்ப் பலகை, பெல்ட் கிடையாது, பிடிக்கச் சரியான கம்பி கிடையாது. ஆள் கூடக் கூட வண்டியின் கனம் மேலேயும் பின்னேயும் போகிறது. வளைவில் சாய்ந்தால் நிமிர்வது கடினம்.

2023 ஆகஸ்டு 25-ஆம் தேதி வயநாடு மாவட்டம் மானந்தவாடியை அடுத்த தலப்புழா கண்ணோத்துமலையில் நடந்ததை மறக்க முடியாது. தேயிலை பறித்துவிட்டு மக்கிமலைப் பகுதிக்கு வீடு திரும்பிய பெண்களோடு வந்த ஜீப், வளைவில் கட்டுப்பாடு இழந்து பள்ளத்தில் உருண்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஒன்பது பேரும் பெண்கள். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போனவர்கள்.

தார் பெரிதா, ஜிம்னி பெரிதா என்ற பட்டியலில் குதிரைச் சக்தி இருக்கிறது. தண்ணீர் ஆழம் இருக்கிறது. பாட்டுப்பெட்டியின் தரம்கூட இருக்கிறது. பின்பலகையில் உட்காரும் பெண்ணுக்கு ஒரு கட்டம் இல்லை.

ஏறுமுன் பார்க்க வேண்டியவை

வண்டி வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் வண்டியைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. நம்மவர் பலர் விபத்துக்குப் பின்புதான் இதையெல்லாம் வக்கீல் வாயால் கேட்கிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

முதலாவது, நம்பர் பலகை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஆள் ஏற்றவோ, சரக்கு ஏற்றவோ அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது.

இரண்டாவது, இன்சூரன்ஸ். சட்டத்துக்காகக் கட்டும் மிகக் குறைந்த பாலிசி வெளியாருக்கு நேரும் சேதத்துக்கு. சொந்த உபயோக வண்டியில் இலவசமாக ஏறி வருபவருக்கு அந்தப் பாலிசியில் பணம் கிடைக்காது என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கு வண்டியில், அதாவது பிக்கப்பிலும் மினி லாரியிலும், சும்மா ஏறி வரும் பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் அதே கோர்ட் சொன்னது. எனவே பிக்கப்பின் பின்னால் ஏறும்போது உயிரோடு சேர்த்து இழப்பீட்டையும் பணயம் வைக்கிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தலைக்கணக்கு. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகமாக ஏறிய ஒவ்வொரு தலைக்கும் 200 ரூபாய் அபராதம். அதிக ஆட்களை இறக்கி, அவர்கள் போக மாற்று ஏற்பாடு செய்த பிறகே வண்டி நகர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

நான்காவது, விபத்து நடந்துவிட்டால். இழப்பீடு கேட்டு மனுப் போட ஆறு மாதம் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்திருக்கிறது. விபத்து இடுக்கியில் நடந்தாலும் மனுவை இடுக்கியில்தான் போட வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். தேனிக்காரர் தேனியில் போடலாம். எலப்புள்ளிக்காரர் பாலக்காட்டில் போடலாம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கவும் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. வண்டி எண், டிரைவர் பெயர், போலீஸ் முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு இவற்றை அன்றே பத்திரப்படுத்த வேண்டும்.

ஐந்தாவது, வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்து. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். தோட்டப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, கூலிச் சீட்டு கையில் இருக்கிறதா என்பது அப்போது தெரியும். வாயால் வேலை, கையால் கூலி என்று போகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எது நல்ல வண்டி?

மலையில் ஜீப் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான இடமலக்குடிக்குப் பெட்டிமுடி வழியாக அரிசி போவதும், நோயாளி வருவதும் ஜீப்பில்தான். அந்தப் பெட்டிமுடியில்தான் 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து, எழுபது உயிர்கள் மண்ணுக்குள் போயின. தேயிலைத் தோட்டத்து லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த நம் தமிழ்க் குடும்பங்கள். அது போன்ற நாளில் எந்த வண்டி அழகு, எந்த வண்டி புதிது என்று யாரும் பார்ப்பதில்லை. போய்ச் சேரும் வண்டியே வண்டி.

ஆகவே ஒப்பீட்டுக்கு ஒரு முடிவு சொல்லத்தான் வேண்டும் என்றால், இப்படிச் சொல்லலாம். சேற்றுக்குக் கூர்க்கா, குறுகல் பாதைக்கு ஜிம்னி, சாலைக்கும் மலைக்கும் பொதுவாகத் தார். பிழைப்புக்குப் பழைய ஜீப். ஆனால் எந்த வண்டியானாலும், பதிவுப் புத்தகத்தில் எழுதிய அளவுக்கு ஆள் ஏற்றி, லோ கியரில் இறங்கி, இருட்டுவதற்குள் எல்லாரையும் அவரவர் வாசலில் இறக்கிவிடுவதுதான் நல்ல வண்டி.

எலப்புள்ளிச் சாலையில் ஞாயிறு மாலை அந்தச் சிவப்புத் தார் சேறு பூசிக்கொண்டு திரும்பி வரும். டீக்கடைக்கு எதிரே குழாயடியில் நிறுத்திக் கழுவுவார்கள். நல்லபடியாகத் திரும்பி வரட்டும். அதே நேரத்தில் கம்பம்மெட்டு வளைவுகளில் பழைய ஜீப் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும். அதுவும் நல்லபடியாகத் திரும்பி வரட்டும். அதன் பின்பலகையில் நெருங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்காக வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.